கை காட்டித் திரும்பியவர்

காரில்லாமல் கார் ஓட்டிய மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலி வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எனக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தோட்டத்துக்கே அவர் டிரைவர். எனக்கு டிரைவர் அண்ணன். அவர் மனைவி எனக்கு அக்கா.

நடக்கும்போது எப்போதும் பாதையின் இடது ஓரமாகத்தான் போவார். செம்மண் ரோடு ஈ காக்கை இல்லாமல் கிடந்தாலும் நடுவில் கால் வைக்க மாட்டார். முனை வந்ததும் நடை மெதுவாகும். வலது கை தோள்மட்டத்துக்கு நீளும். பிறகுதான் திரும்புவார். இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் அதே வலது கையைச் சின்னதாக ஒரு சுற்று சுற்றுவார். எதிரே மாடு நின்றால் தொண்டையைக் கனைப்பார். அதுதான் ஹாரன். தண்ணீர் வாளியோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு தரம் நின்று, திரும்பி, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே உள்ளே போவார்.

"வூட்டுக்குள்ள ரிவர்ஸ்ல வர்ற மனுசன இந்த ஒலகத்துலயே நான் ஒருத்திதாண்டி கட்டியிருக்கேன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரை ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பழக்கமெல்லாம் அவருக்கு இல்லை. அப்போது நம்மைப் போலத்தான் நடந்தார். ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய அன்று, துரையையும் துரைசானியையும் ஏற்றிக்கொண்டு சுங்கைப் பட்டாணிப் பக்கம் போனார். பாதி வழியில் காரை நிறுத்தச் சொல்லி, இனி நானே ஓட்டிக்கொள்கிறேன், நீ இறங்கு என்றாராம் துரை. இவர் இறங்கி, முன் கண்ணாடியில் அப்பியிருந்த புழுதியைத் தன் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாராம். துரை போய்விட்டார்.

"அது கெடக்குது தங்கச்சி. கிளட்ச சரியா மிதிக்காம கியர் போட்டாரு பாரு, கர்ருனு ஒரு சத்தம்! இன்னும் காதுலயே நிக்குது" என்பார் என்னிடம்.

நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனானே என்ற கோபம் ஒரு துளி கிடையாது. அந்தக் கர்ர்தான் அவருக்குத் தாங்கவில்லை. அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தார். அன்றைக்குப் பிடித்த இடது ஓரம்தான்.

லயத்துப் பிள்ளைகள் அவர் பின்னால் வரிசை கட்டி, அவர் கை நீட்டினால் இவர்களும் நீட்டி, ஒரே கும்மாளம். அவரும் திட்ட மாட்டார். ஒருத்தன் கை காட்டாமல் திரும்பிவிட்டால் மட்டும் நின்று, "டேய், பின்னாடி வர்றவன் என்ன ஆவான்?" என்று கேட்பார்.

இதைப் பார்த்து நாங்கள் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் அது ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலம். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்று லாரி லாரியாகப் பிடித்துப் போனார்கள். என் வீட்டுக்காரரும் அப்படிப் போனவர்தான். அதிலும் கார், லாரி ஓட்டத் தெரிந்தவன் என்றால் ஜப்பான்காரன் விடவே மாட்டான். பக்கத்துத் தோட்டத்தில் தைரியமாகப் பேர் கொடுத்த இரண்டு டிரைவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர்கள் பெண்டாட்டிகளுக்கே தெரியாது. எங்கள் கிராணி, அவர்தான் தோட்டத்துக் கணக்கர், நல்ல மனுஷர். ஜப்பான்காரன் வந்து கேட்டபோது டிரைவர் அண்ணனைக் காட்டி, "இவன் பால்மரம் வெட்றவன்" என்று சொல்லி ரப்பர் பால் எடுக்கிற ஆளாக்கிவிட்டார். தோட்டமே வாயை மூடிக்கொண்டது. அவருடைய வலது கைக்குத்தான் அந்தப் புத்தி வரவில்லை.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டை விட்டுக் கிளம்பினால் அவர் வலது கையில் ஒரு ஓலைப்பையைக் கொடுத்து, உள்ளே கல்லோ கிழங்கோ எதையாவது போட்டுவிடுவாள். பை கனத்தால் கை எழும்பாது. "இந்தாங்க, பைய எடது கைக்கு மாத்துனீங்க, அப்புறம் எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று தினமும் சொல்லித்தான் அனுப்புவாள்.

இப்படிப்பட்டவர் பினாங்குக்கு ஏன் கிளம்பினார் என்று கேட்பீர்கள். அக்காவின் வாய்தான் காரணம். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டதெல்லாம் பினாங்குப் புராணம். வாரம் தவறாமல் துரையைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவரல்லவா! கடலோரத்தில் பெரிய ஹோட்டல், மணிக்கூண்டு, பேங்குகள், கொடிமலைக்கு ஏறுகிற ரயில் என்று அவர் அடுக்குவார். அக்கா சுங்கைப் பட்டாணியைத் தாண்டியதில்லை. ஒருநாள் மரவள்ளிக் கிழங்கு வேகவில்லை என்று தொடங்கிய சண்டை எங்கெங்கோ சுற்றிப் பினாங்கில் போய் நின்றது.

"ஊரான் பொண்டாட்டியெல்லாம் பினாங்கு பாத்துட்டா. ஓட்டுனவன் பொண்டாட்டி நான் பாக்கல. நாளைக்கு ஒங்களப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டா எனக்கு யாரு காட்டுவா?" என்றாள்.

அவ்வளவுதான், அவர் எழுந்து கிராணி வீட்டுக்குப் போய்விட்டார். வெளியூர் போகச் சீட்டு வேண்டும், சீட்டுக்கு ஒரு காரணம் வேண்டும். என் காலில் அப்போது ஒரு சின்னப் புண் இருந்தது. கிராணி அதைப் பெரிய புண்ணாக்கி, பினாங்கு ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கும், துணைக்கு அவர்கள் இருவருக்கும் சீட்டு வாங்கிக் கொடுத்தார். ஆக, ஊர் சுற்றப் போனது அவர்கள், நோயாளி நான். ஜப்பான்காரன் கண்ணில் படும் இடத்திலெல்லாம் நான் நொண்ட வேண்டும் என்று ஏற்பாடு.

சுங்கைப் பட்டாணியில் ரயிலேறி, பிறை ஸ்டேஷனில் இறங்கி, படகில் கடலைத் தாண்டினோம். அக்கா படகின் கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. பினாங்குக் கரையில் காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டோம். நான் இரண்டு காலிலும் மாற்றி மாற்றி நொண்டினேன் என்று அக்கா பிறகு சொன்னாள். நல்ல வேளை, அவன் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் டிரைவர் அண்ணன் ஆளே மாறிவிட்டார். முதுகு நிமிர்ந்தது. "இப்பிடி வாங்க" என்று முன்னால் போனார், இடது ஓரமாக. எதிரே ஒரு சின்னச் சந்து. அதற்குள் புகுந்தால் அந்தப் பக்கம் கடல் தெரிந்தது. அவரோ எங்களை நேராக நடத்தி, ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, வியர்க்க விறுவிறுக்க அதே கடலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

"ஏங்க, அந்தச் சந்துலயே வந்திருக்கலாம்லா?"

"அதுல காடி போகாது புள்ள." எங்கள் பக்கத்தில் காருக்குக் காடி என்று பேர்.

"நம்மகிட்ட காடி எங்கங்க இருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இருந்தாலும் பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். சிரித்தால் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமே!

அந்தப் பெரிய ஹோட்டல் முன்னால் போய் நின்றோம். வெள்ளை வெளேர் என்று, எங்கள் லயத்தைப் போல பத்தை அடுக்கினாலும் நிரம்பாத கட்டடம். வாசலில் ஜப்பான் கொடி தொங்கியது. அக்கா வாயில் கை வைத்தாள்.

"உள்ள எப்படிங்க இருக்கும்?"

"தெரியாது."

"தெரியாதா?"

"நான் எங்க உள்ள போனேன்? தொரையும் தொரைசானியும் போவாங்க. நான் அந்தா, அந்த மரத்தடியில காடிய நிறுத்திட்டு நிப்பேன். மூணு மணி வரைக்கும் நெழலு இருக்கும். அதுக்கப்புறம் காடிய அந்தப் பக்கம் தள்ளி வச்சிக்கணும்."

பேங்கு இருந்த பெரிய தெருவுக்குப் போனோம். குண்டு விழுந்து சில கடைகள் பல் போன வாயாகக் கிடந்தன. பேங்குக்கு உள்ளே என்ன என்று அவருக்குத் தெரியாது. வெளியே எந்தத் தூண் ஓரம் வெயில் படாது என்று தெரியும். துரைமார்கள் பந்து விளையாடுகிற கிளப்பைக் காட்டினார். என்ன பந்து, எப்படி விளையாடுவார்கள் என்று கேட்டால் தெரியாது. பின்பக்கக் குழாயில் தண்ணீர் நன்றாக இருக்கும் என்றார். கொடிமலைக்கு ஏறும் ரயிலைப் பற்றிக் கேட்டேன். கீழே மர நிழலில் தூங்கியிருக்கிறாராம். மேலே போனதில்லையாம்.

"அட பாவி மனுசா!" அக்கா நடுத்தெருவில் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். "வருசக்கணக்கா பினாங்கு பினாங்குன்னு பெருமையடிச்சீங்களே, நீங்க பாத்தது வெறும் மரத்தடியவா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. தன் குட்டு தனக்கே அன்றுதான் தெரிந்தது போல நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அக்காவுக்கும் இருந்திருக்க வேண்டும். கொஞ்ச தூரம் நடந்தவள், கடலோரத் திடலுக்கு வந்ததும், "இங்க நீங்க எங்க நிப்பீங்க?" என்று கேட்டாள்.

அவர் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டினார். அக்கா போய் அதன் வேரில் உட்கார்ந்தாள். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள்.

"நெழலு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவருடைய சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துரை வர நேரமானால் எந்த வேரில் தலை வைப்பார், கச்சான் கடலை விற்கிற கிழவர் எந்தப் பக்கமிருந்து வருவார், மழை வந்தால் எங்கே ஒதுங்குவார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தீரவில்லை. அக்கா "உம், உம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஹோட்டலைப் பார்த்தபோதுகூட அப்படிக் கண் கொட்டாமல் பார்க்கவில்லை. எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. திரும்பிக்கொண்டேன்.

பசி எடுத்தது. பையில் அவித்த கிழங்கு இருந்தது. அவர் கையிலிருந்து அக்கா பையை வாங்கி, பிரித்து, எங்களுக்குக் கொடுத்தாள். தின்று முடித்துக் கிளம்பும்போது பை அவள் தோளிலேயே இருந்துவிட்டது. காலிப் பைதானே என்று அவளும் நினைத்திருப்பாள். நானும் கவனிக்கவில்லை.

மணிக்கூண்டுக்குப் போகிற முனை. அவர் நடையை மெதுவாக்கினார். வலது கை நீண்டது. திரும்பினார்.

"கொரா!" ஜப்பான்காரன் அதட்டல்.

முனைக்கு அந்தப் பக்கம் ஒரு கார் நின்றது. பக்கத்தில் ஒரு ஜப்பான் அதிகாரி, இடுப்பில் நீளக் கத்தி. அவரோடு கையில் பட்டை கட்டிய தமிழ் ஆள் ஒருவர், ஜப்பான் பேச்சைத் தமிழிலும் மலாயிலும் சொல்கிறவர். காருக்குள் ஓட்டுகிற இடத்தில் ஒரு சிப்பாய் திணறிக்கொண்டிருந்தான். அதிகாரி எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். மூன்று பேரும் போய் வளைந்து நின்றோம். நான் நொண்டவும் மறந்துபோனேன்.

"கைய நீட்டித் திரும்புனியே, நீ டிரைவர்தானே? இவங்க டிரைவருக்குக் காய்ச்சல். பொய் சொல்லாத" என்றார் தமிழ் ஆள்.

"இல்லீங்கய்யா. பால்மரம் வெட்றவன்."

"அப்ப கை ஏன் நீளுது?"

அக்கா முந்திக்கொண்டாள். "அது நோவுங்கய்யா! கை இழுப்பு நோவு. அதுவா நீளும், அதுவா மடங்கும். ராத்திரியில என் மூஞ்சியிலயே அடிக்கும். இந்தப் புள்ளைக்குக் கால்ல புண்ணு, இவருக்குக் கையில இழுப்பு. ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தோம், சீட்டக்கூட பாருங்க!"

சொன்னதோடு, முந்தானைக்குள்ளிருந்து அவரை ஒரு கிள்ளு கிள்ளினாள். அவரும் புரிந்துகொண்டு கையை இரண்டு தரம் வெட்டி வெட்டி இழுத்தார். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. தமிழ் ஆள் சீட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அதிகாரியிடம் திரும்பி என்னவோ சொன்னார். அதிகாரி முகத்தைச் சுளித்து, போ என்று கையை உதறினார்.

தப்பித்தோம். அக்கா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "திரும்பிப் பாக்காதீங்க, நேரா நடங்க" என்று முணுமுணுத்தாள். அப்போது பின்னால் சிப்பாய் காரைக் கிளப்பினான். கர்ர் என்று ஒரு சத்தம். இரும்பை இரும்பு கடிக்கிற மாதிரி. மறுபடியும் கர்ர்.

டிரைவர் அண்ணன் நின்றார். நிற்காமல் போயிருக்கலாம். இன்றைக்கும் என் மனசு ஆறவில்லை, போயிருக்கலாம்! மூன்றாவது தரம் கர்ர் என்றதும் அக்காவின் பிடியிலிருந்து கை உருவிக்கொண்டது.

"டேய், கிளட்ச நல்லா மிதிடா! கியரு பல்லு ஒடஞ்சிரும்டா!"

திடல் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டார். கத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. அக்கா, "ஐயோ, ஐயோ" என்று மெதுவாகச் சொன்னாள்.

அதிகாரி ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு சிப்பாயை இறங்கச் சொல்லி, கார்க் கதவைத் திறந்து உள்ளே காட்டினார். டிரைவர் அண்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். கார் பூனைக்குட்டி போல முனகியது. அதிகாரி சத்தமாகச் சிரித்து அவர் தோளைத் தட்டினார். ஜப்பான்காரன் குணம் அப்படித்தான். அறைந்த கையாலேயே தட்டுவான்.

"படகேறுற ஜெட்டிக்குத்தான் போறோம். ஏறுங்கம்மா, அங்க எறக்கிவிடறோம்" என்றார் தமிழ் ஆள், எங்கள் முகத்தைப் பார்க்காமல். ஓட்டுவதைப் பார்ப்பதற்காக அதிகாரி முன்னால் டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். சிப்பாயை நடந்து வரச் சொல்லிவிட்டார். பின்னால் தமிழ் ஆள், நான், அக்கா. டிரைவர் அண்ணன் தலைக்கு நேர் பின்னால் அக்கா.

நான் அதற்கு முன் காரில் ஏறியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. கோட்டை, கடல், மணிக்கூண்டு, தூண் வைத்த கட்டடங்கள் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே வழுக்கிக்கொண்டு போயின. ஒரு குலுக்கல் இல்லை. தொட்டிலில் போவது போல ஓட்டினார். "அக்கா, அங்க பாருங்கக்கா" என்றேன். அவள் திரும்பவே இல்லை.

ஜெட்டியில் கார் நின்றது. அவர் இறங்கி, எங்கள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"எறங்குங்கம்மா" என்றார்.

அக்காவை அவர் அதுவரை புள்ள என்றும் நீ என்றும்தான் கூப்பிட்டவர். அன்றைக்கு வந்தது வேலைக்காரக் குரல். துரைசானிக்குத் திறக்கிற கதவு, துரைசானிக்குச் சொல்கிற வார்த்தை. வேண்டுமென்று சொன்னாரா, கார்ப் பழக்கத்தில் வந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. அக்கா இறங்கவில்லை. மடியில் காலிப் பையை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சீக்கிரம்மா, கோவிச்சுக்குவாரு" என்றார் தமிழ் ஆள்.

இறங்கினாள். அவர் கதவைச் சத்தமில்லாமல் உள்ளங்கையால் அழுத்திச் சாத்தினார். "தங்கச்சி, அக்காவப் பாத்துக்க. சாயந்தரம் விட்டாங்கன்னா கடைசிப் படகுல வந்திருவேன்" என்று என்னிடம் சொன்னார். அக்காவை ஒரு தரம் பார்த்தார், முன்னால் போய் ஏறினார், கார் போய்விட்டது.

கடைசிப் படகு வரைக்கும் ஜெட்டியிலேயே நின்றோம். அவர் வரவில்லை. நாங்கள் மட்டும் திரும்பினோம்.

ஜப்பான் சண்டை முடிந்தது. என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாகச் சயாமிலிருந்து வந்து சேர்ந்தார். டிரைவர் அண்ணன் வரவில்லை. சயாம் காட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இல்லை, சுமத்ராவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். அக்கா யாரையும் மறுத்துப் பேசவில்லை. பொட்டும் அழிக்கவில்லை.

பிறகு ஒரு தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில் எல்லாரும் பினாங்குக்குக் கிளம்பினோம். நான் அக்காவைப் போய்க் கூப்பிட்டேன். அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"வாங்கக்கா. அன்னிக்குத்தான் ஒண்ணையும் நிம்மதியா பாக்கல. கொடிமலைக்கு ரயிலு விட்டிருக்காங்களாம், ஏறிப் பாக்கலாம்."

"நீ போய்ட்டு வா. நான்தான் காடியிலயே சுத்திப் பாத்தாச்சே."

"என்னத்தப் பாத்தீங்க? நான் காட்டக் காட்டத் திரும்பவே இல்லையே நீங்க?"

அக்கா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

"அவரு பிடரிதாண்டி தெரிஞ்சிச்சு" என்றாள். "முடி வெட்டி ரொம்ப நாளாயிருந்திச்சு. வூட்டுக்கு வந்ததும் வெட்டிவிடணும்னு நெனச்சிக்கிட்டே வந்தேன்."